கள்ளுக்கடை வாசலில் நின்ற தொண்டர்கள்
கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய சங்கங்களைப் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

சிலாங்கூர் மாநிலத்தின் முதல் இருப்புப்பாதை கோலாலம்பூருக்கும் கிள்ளான் பகுதிக்கும் இடையே 1886-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையோடு இரண்டு வகைத் தமிழர்கள் இந்த நிலப்பகுதிக்கு வந்து சேர்ந்தனர். மண் வெட்டவும் சல்லி கொட்டவும் தண்டவாளம் பதிக்கவும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தோர் ஒரு சாரார். கணக்கு எழுதவும் நிலையங்களை நடத்தவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் மற்றொரு சாரார். செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் இவ்விரு சாராரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருந்தனர். வணங்கிய தெய்வம் ஒன்றாயினும், வாழ்ந்த வாழ்க்கை ஒன்றாக இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு நம் சங்கங்களின் வரலாற்றை எழுத இயலாது.

அந்நாளில் கோயிற்பணியும் ஊர்ப்பணியும் வேறு வேறாகக் கருதப்படவில்லை. பத்துமலைக் குகையில் 1891-ஆம் ஆண்டில் முருகப்பெருமானின் வேலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளையவர்களே, கோலாலம்பூரின் புகழ்பெற்ற விக்டோரியா கல்விக்கூடத்தின் தொடக்ககால அறங்காவலர்களுள் ஒருவராகவும் விளங்கினார். மறு ஆண்டு முதல் பத்துமலையில் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருவதை அன்பர்கள் அறிவர். பள்ளிக்கூடத்துக்கு அவர் ஆற்றிய பணியை அறிந்தோர் மிகச் சிலரே.

சங்கம் என்ற முறையில் நீண்ட காலம் நிலைத்து நின்றவற்றுள் முதன்மையானது பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தர் ஆசிரமம். சுவாமி விவேகானந்தர் 1893-ஆம் ஆண்டில் சிகாகோ சர்வ சமயப் பேரவைக்குக் கப்பலேறிச் சென்றபோது பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிச் சென்றார். மேலை நாட்டிலிருந்து திரும்பிய 1897-ஆம் ஆண்டில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவருக்கு மாபெரும் வரவேற்பு அளிக்கப்பட்டது. நாவலர் பெருமான் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாள்தொட்டு, சமயமும் கல்வியும் இணைந்தே செல்ல வேண்டும் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்தில் வளர்ந்து, சுவாமிகளின் புகழையும் கேட்டறிந்த இளைஞர்களே மலாயாவுக்கு வந்து இருப்புப்பாதை அலுவலகங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அமர்ந்தனர். சுவாமிகள் 1902-இல் சமாதியடைந்தார். இரண்டே ஆண்டுகளில், 1904-இல், அவர் பெயரால் பிரிக்பீல்ட்ஸில் ஆசிரமம் தோன்றியது. மாதச் சம்பளக்காரர்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வளர்த்த நிலையம் அது. வழிபாட்டோடும் சொற்பொழிவோடும் நின்றுவிடாமல் பள்ளிகளையும் நடத்தியது. விவேகானந்தர் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் அத்தொண்டுக்குச் சான்றாக உள்ளன.

பிரிக்பீல்ட்ஸில் இவ்வாறு நூல் படிக்கவும் சொற்பொழிவு கேட்கவும் இடம் அமைந்த காலத்தில், கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் நிலைமை வேறாக இருந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, பகலெல்லாம் பால்மரக் காட்டில் உழைத்து, மாலையில் லயன் வீட்டுக்குத் திரும்பும் தொழிலாளிக்குப் பொழுதுபோக்கு என்று தோட்டம் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: கள்ளுக்கடை. சம்பளத்தை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு என்று அதனைச் சொன்னால் மிகையாகாது. கடை வருமானம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்று அதற்கு நியாயமும் கற்பிக்கப்பட்டது. அந்த நியாயத்தை லயனில் பசித்திருந்த குழந்தைகள் ஏற்றிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

சம்பளமும் நிலையானதன்று. ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது பலகாலம் பேசப்பட்ட அளவு. பொருளாதார மந்தக் காலத்தில் அதுவும் குறைந்தது. மலாயா இந்தியர் மத்திய சங்கம் 1936-இல் அமைந்தது. அவ்வாண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் தோட்டங்களைப் பார்வையிட வந்தார். 50 காசும் 40 காசும் மீண்டும் வழங்கப்பட வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். ஆயினும் தொழிலாளர் மலாயாவுக்குக் குடியேறுவதைத் தடுக்கத் தேவையில்லை என்றும் கூறியது பலருக்கு மனக்குறையாயிற்று. பண்டித நேரு 1937-இல் மலாயாவில் சுற்றுப்பயணம் செய்து, தொழிலாளர் தங்களுக்கென அமைப்புகளைக் கட்டிக்கொள்ளத் தூண்டினார். மறு ஆண்டில் தோட்ட முதலாளிமார் கூலியைக் குறைக்கவே, உதவித்தொகையுடன் தொழிலாளர் குடியேறுவதை இந்திய அரசு 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தடை செய்தது.

இச்சூழலில், இரண்டாம் உலகப்போர் தொடங்கியிருந்த வேளையில், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தலையெடுத்தது. தமிழ் நேசன் நாளேட்டில் துணையாசிரியராகப் பணிபுரிந்த ஆர். எச். நாதன் அவர்களும், ஒய். கே. மேனன் அவர்களும் அதில் முன்னின்றனர். சங்கத்தின் இளைஞர்கள் காந்தி குல்லாய் அணிந்து தோட்டந்தோறும் சென்றனர். கள் குடிக்காதே, பிள்ளைகளைப் படிக்க வை, தலைநிமிர்ந்து நட என்பனவே அவர்கள் சொன்ன செய்தி. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தோரும் உண்டு. குடிப்பழக்கத்தை விட்டவன் மிச்சப்படுத்துவது காசு மட்டுமன்று, தன் மதிப்பையும்தான் என்பதைத் தொழிலாளர்கள் விரைவில் உணர்ந்தனர். தோட்ட நிர்வாகங்களை அச்சுறுத்தியது இந்த உணர்வே.

போர்க்காலத்தில் இரப்பருக்கு நல்ல தேவை இருந்தது. சீனத் தொழிலாளர் பெற்ற கூலிக்கும் தமிழர் பெற்ற கூலிக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது. 1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. முடிவில் கூலி 60 காசாக உயர்ந்தது. ஆனால் கோரிக்கை கூலியோடு நிற்கவில்லை. சீனருக்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், தோட்டப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதைத் தடுத்தல், உறவினரும் நண்பரும் தடையின்றி வந்து செல்லுதல், பேசவும் கூட்டம் கூடவும் உரிமை, சங்கம் அமைக்க அனுமதி என்று பட்டியல் நீண்டது. அவற்றுள் ஒன்று இன்றைய தலைமுறைக்கு வியப்பாகத் தோன்றும்: வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை நீக்க வேண்டும் என்பதே அது. ஒரு காசும் செலவாகாத அக்கோரிக்கையே துரைமாருக்கு எல்லாவற்றினும் கசந்தது போலும்.

இன்னொரு கோரிக்கையையும் மறைக்காமல் குறிப்பிடுவது கடமை. கொடுமை செய்யும் கிராணிகளை நீக்கிவிட்டு, தமிழ் பேசும் நல்ல அலுவலர்களை அமர்த்த வேண்டும் என்று தொழிலாளர் கேட்டனர். கிராணிமார் வெளிநாட்டவர் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த நம்மவரே அப்பதவிகளில் பெரும்பாலும் இருந்தனர். நகரில் படிப்பகமும் பள்ளியும் அமைத்த அதே வர்க்கம், தோட்டத்தில் தொழிலாளியைக் கைகட்டி நிற்க வைத்தது. கிள்ளான் சங்கத்தின் சிறப்பு, படித்தவர் சிலர் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி லயன் வாசலுக்கு வந்தமையே ஆகும்.

1941-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். செய்தி பரவியதும் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் கிள்ளானில் திரண்டனர். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படைகள் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 300 பேர் கைதாயினர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பலர் தாங்கள் பிறந்த ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விடுவிக்கப்பட்டவர்களுள் பலருக்கும் பழைய தோட்டத்துக்குத் திரும்ப அனுமதியில்லை. குடும்பத்தோடு லயன் வீட்டைக் காலி செய்து வேறு தோட்டம் தேடிச் சென்றோரின் துயரம் எந்தப் பதிவேட்டிலும் முழுமையாக ஏறியதில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. அதன்பின் சயாம் மரண இரயில்பாதைக்கு ஆள் பிடித்த கொடுமையில், கிள்ளான் நிகழ்ச்சி மக்கள் நினைவிலிருந்து ஓரளவு ஒதுங்கிப் போயிற்று.

கள்ளுக்கு எதிரான தொண்டு மட்டும் ஒதுங்கவில்லை. போர் முடிந்ததும் 1946-இல் கெடா மாநிலத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் "தொண்டர் படை" என்ற பெயரிலேயே ஓர் இளைஞர் அணி தோன்றி, கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. 1947-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் காவல்துறையினருடன் ஏற்பட்ட மோதல் அதன் போக்கை மாற்றிவிட்டது. தொண்டு என்ற சொல்லை இன்று நாம் அன்னதானத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் உரியதாக மட்டும் கருதுகிறோம். அச்சொல்லைச் சொல்லியே தடியடி பட்டோர் இருந்தனர்.

போர் விட்டுச் சென்ற அனாதைக் குழந்தைகளின் துயர் துடைக்கும் பணி வேறொரு வகையில் நடந்தது. ஈப்போவில் பிறந்த சுவாமி சத்தியானந்தர் 1949-ஆம் ஆண்டில் தூய வாழ்வுச் சங்கத்தைத் தொடங்கினார். கோலாலம்பூர்ப் பூச்சோங் சாலையில் அமைந்த அந்நிலையம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமாகவும் எல்லாச் சமயத்தாரும் அமர்ந்து தியானிக்கும் இடமாகவும் வளர்ந்தது. சுவாமிகள் 1961-இல் சாலை விபத்தில் மறைந்தார். அவருடன் தொடக்கம் முதல் உழைத்த மங்களம் அம்மையார் பொறுப்பை ஏற்று, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் 97-ஆம் அகவையில் மறையும்வரை அச்சங்கத்தின் தாயாகவே விளங்கினார்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரமமோ அண்மைக் காலத்தில் தன் கட்டடத்துக்காகவே போராட வேண்டியதாயிற்று. ஆசிரம நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் 2014-இல் வெளியானபோது, மக்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். நிலம் விலைமதிப்பற்றதாகிவிட்ட நகரில், நிலையத்தை நடத்தும் செலவுக்கு வழி வேண்டும் என்ற கவலை ஒருபுறம். நூறாண்டு மரபைக் காக்க வேண்டும் என்ற ஆவல் மறுபுறம். இரண்டையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முடிவில் 2016-இல் ஆசிரமம் தேசிய மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் சாலை என்று அன்று வழங்கிய துன் சம்பந்தன் சாலையில், சுவாமிகளின் சிலையை முன்னே தாங்கி அக்கட்டடம் இன்றும் நிற்கிறது.