யாருடைய கையில்? தமிழகத் தொடக்கப்பள்ளிகளும் இணையவழிக் கற்றல் வளங்களும் (2001–2022)

தொடக்கப்பள்ளிக்கான இணையவழிக் கற்றல் வளங்கள் பெரும்பாலும் உள்ளடக்கத்தைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. பாடல் குழந்தையின் நாவுக்கு எளிதாக உள்ளதா, அசைவூட்டப்படம் பாடக்கருத்தை விளக்குகிறதா என்பன வழக்கமான வினாக்கள். அவ்வளத்தைத் திறக்கும் கருவி யாருடைய கையில் இருந்தது என்ற வினா அரிதாகவே எழுகிறது. ஆறு வயதுக் குழந்தை திறன்பேசிக்கு உரிமை பூண்டதன்று. இடையில் ஒரு பெரியவர் எப்போதும் தேவைப்படுகிறார். அந்தப் பெரியவர் யார் என்பது காலந்தோறும் மாறி வந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. பின்னர் இது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியது. இதன் மழலைக் கல்விப் பகுதியில் பாடல்களும் கதைகளும் உரையாடல்களும் எண், எழுத்து அறிமுகமும் இடம்பெற்றன. தமிழக அரசின் முயற்சியால் இளஞ்சிறாருக்கென இணையத்தில் உருவான தொடக்ககால வளங்களுள் இது குறிப்பிடத்தக்கது. எனினும் இது கருதிய குழந்தை முதன்மையாகப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் குழந்தையே. வீட்டில் கணினி உண்டு, அருகில் தமிழ்ப் பள்ளி இல்லை, பெற்றோர் உடனிருந்து கற்பிப்பர் என்னும் எடுகோள்களின்மேல் அது நின்றது. தமிழகத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே பள்ளி இருந்தது, கணினிதான் இல்லை.

அதே காலத்தில் அப்பள்ளிகளை அடைந்த வளம் தாளால் ஆனது. இரிஷிவேலிப் பள்ளியின் பட்டறிவை முன்மாதிரியாகக் கொண்டு 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டு, 2007-08இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. பாடம் சிறு சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு அட்டைகளில் அச்சிடப்பட்டது. சுவரில் மாட்டிய கற்றல் ஏணியில் தான் நிற்கும் படியைக் குழந்தை அடையாளம் காணும். அதற்குரிய இலச்சினை பொறித்த அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுக்கும். செயலை முடித்தபின் அடுத்த படிக்குச் செல்லும். கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்திற்கு இறங்கியது. வரைந்த படங்கள் கம்பிப் பந்தலில் தொங்கின. பல வகுப்புக் குழந்தைகள் ஓர் அறையில் அமர்ந்தமையால் ஆசிரியருக்கு ஏற்பட்ட இடர்ப்பாடுகள் உண்மையே. அட்டைகள் கிழிந்ததும் காணாமற்போனதும் உண்மையே. ஆயினும் வளத்தைத் தேர்ந்து எடுப்பது குழந்தையின் கை என்பதே இம்முறையின் அடிப்படை. தனக்குரிய வேகத்தில், தனக்குரிய படியில் கற்றல் என்று இன்றைய செயலிகள் விளம்பரப்படுத்துவதை அட்டையும் ஏணியும் மின்சாரமின்றிச் செய்ய முயன்றன.

2018-19ஆம் கல்வியாண்டில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வெளிவந்தன; எஞ்சிய வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டில் வந்தன. இவற்றின் பக்கங்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டிருந்தன. 2017இல் நடுவண் அரசு தொடங்கிய திக்‌ஷா தளத்தின் செயலியால் குறியீட்டை வருடினால் பாடத்தோடு தொடர்புடைய காணொலி திறக்கும். அச்சுநூலையும் இணையத்தையும் இணைத்த இவ்வேற்பாடு வரலாற்று நோக்கில் முதன்மையானது. இணையவளம் முதன்முறையாகப் பாடத்திட்டத்தின் உறுப்பாயிற்று. ஆயின் குறியீட்டைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் பக்கம் படிப்பவரிடம் திறன்பேசி இருப்பதாகவே கொண்டு பேசுகிறது. எழுத்துக்கூட்டத் தொடங்கும் குழந்தையின் நூலில் அமைந்த இவ்விளக்கம் உண்மையில் பெற்றோரையும் ஆசிரியரையும் நோக்கியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளியளவில் பயன்பெற்றோர் மேல்நிலை மாணவர்களே என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அரசு தந்த கருவிகள் மேல்வகுப்பிலும், அரசு தந்த குறியீடுகள் கீழ்வகுப்பிலும் இருந்தன.

இவ்விடைவெளியை 2020 மார்ச்சு மாதப் பள்ளி மூடல் வெளிப்படுத்தியது. அப்போது தொடக்க வகுப்புகளுக்குப் பரவலாகக் கைகொடுத்தது இணையம் அன்று, தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி 2020 சூலை முதல் வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. எளிய குடும்பங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்ததற்கு 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒரு காரணம். கல்விக்கென வழங்கப்படாத ஒரு கருவி, பதினான்கு ஆண்டுகள் கழித்துக் கல்விக்குப் பயன்பட்டது. கொள்கை வரலாற்றை எழுதுவோர் இத்தகைய எதிர்பாரா விளைவுகளுக்கும் இடமளிக்க வேண்டும். ஆனால் ஒளிபரப்பு குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை. புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கவும் முந்தைய படிக்குத் திரும்பவும் அதில் வழியில்லை. ஏணியும் அட்டையும் தந்த வாய்ப்பு இதுவே. அப்பாடங்கள் யூடியூபிலும் வைக்கப்பட்டன. அங்கே நிறுத்தலாம், திரும்பலாம். அதற்கு வீட்டில் ஒரு திறன்பேசி வேண்டும். வேலைக்குச் சென்ற பெற்றோருடன் அதுவும் சென்றுவிட்டால் மாலைவரை குழந்தைக்குப் பாடமில்லை.

ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று மீண்டும் திறக்கப்பட்டன. அதற்குச் சில நாள்கள் முன்னர்த் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், குடியிருப்புகளுக்கே தன்னார்வலர்களை அனுப்பியது. 2022 சூனில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. இதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாக வகுக்கப்பட்டனர். ஆசிரியருக்குக் கையேடும் பயிற்சியும் செயலிவழி மதிப்பீடும் வழங்கப்பட்டன. செயலியில் பதிவேற்றும் பணி கற்பிக்கும் நேரத்தைக் குறைக்கிறது என்பது ஆசிரியர் தரப்பில் எழுந்த குறை. முன்னர்க் குழந்தை தானே ஏணியில் கண்டறிந்த படி, இப்போது ஆசிரியரின் திறன்பேசியில் தரவாகப் பதிவாகிறது. குழந்தையின் கையில் இருப்பது அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து அச்சிட்ட பயிற்சிநூலும் ஒரு பென்சிலும்.