பாட்டுக் கேட்க வந்தவர்

எல்கடுவ லயத்துக்கு யாராவது பேப்பரும் பேனையுமா வந்தா, எங்க அம்மாயிமார் முதல்ல கேட்கிறது: "எழுதிக்கிட்டுப் போனா எங்களுக்கு என்ன கெடைக்கும்?" மானிடவியல் பட்டமேற்படிப்பில் ஆய்வு முறை பயிலும் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

1915-18 காலத்தில் துரோபிரியண்ட் தீவுகளில் தங்கி, அந்த மக்களின் மொழியிலேயே பேசிப் பழகியவர் மலினோவ்ஸ்கி. பிறகு லண்டனில் தன் மாணவர்களையும் அப்படியே களத்துக்குப் பழக்கினார். கூட இரு, பார், கேள்: பயிற்சியின் அடித்தளம் அதுதான்.

அந்தப் பயிற்சியை நம் மலையகம் சோதித்துப் பார்த்தது. இலங்கையில் பிறந்து சிக்காகோவில் மானிடவியல் படித்த வலன்டைன் டானியல், தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைத் தேடித்தான் வந்தார். 1983 ஜூலை வன்செயலின் காயம் ஆறாத நேரம். சனங்க சொன்னது வேற கதை. அவர் தன் தலைப்பை மாற்றிக்கொண்டு அதைக் கேட்டார். வன்முறை பற்றிய அவருடைய 'சார்ட் லல்லபைஸ்' 1996இல் வெளிவந்தது.

ஆனா அது ஆங்கிலப் புத்தகம். கதை சொன்னவர்களில் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்?

நாளைக்கு எங்களில் யாராவது களத்துக்குப் போனால், கேள்விக்கொத்தை மூடி வைத்துக் கேட்கத் தெரியணும். எழுதியதை லயத்துக்கே கொண்டுவந்து வாசிச்சுக் காட்டவும் வேணும். அம்மாயிக்கு நாங்க கடன்பட்ட பதில் அது.