உவர்மண் சொல்லும் வரலாறு

நெய்வேலி நகரியத்துப் பள்ளியொன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். அன்று அமிலம், காரம் பற்றிய பாடம். "நாம் அறிந்த காரப்பொருள்கள் எவை?" என்று கேட்டேன். சுண்ணாம்பு என்றாள் ஒருத்தி. சோப்பு என்றான் ஒருவன். கடைசி வரிசையில் ஒரு மாணவனின் உதடு அசைந்தது, ஒலி எழவில்லை. வகுப்பு முடிந்தபின் அருகில் வந்து மெல்லச் சொன்னான்: "உவர்மண், ஐயா. எங்கள் தாத்தா வெள்ளாவி வைப்பவர்."

விடை தெரிந்தவன் ஏன் வாய்மூடி இருந்தான்? விடையைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்ற அச்சம்! அறிவை வெளிப்படுத்தவே ஒருவனை அஞ்சவைக்கும் சமுதாயத்தை என்னென்பது?

அந்தத் தாத்தா செய்தது என்ன? உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். அதைக் கரைத்த நீரில் துணியை நனைத்து ஆவியில் வேகவைத்தால், அழுக்கிலுள்ள எண்ணெய்ப் பசை காரத்தோடு கூடிச் சோப்பாகி, அலசும் நீரோடு வெளியேறுகிறது. தோல் பதனிடுவோர் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறவைத்து முடியை நீக்கியதும் காரத்தின் வேலைதான். ஏட்டில் படித்ததல்ல, கையால் கற்ற வேதியியல்!

மற்ற நாடுகளில் இதே அறிவு என்னவாயிற்று? 'ஆல்கலி' என்ற சொல் செடிச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. சாம்பலோடு பழகிய நெய்வேலிக்கு அது புதிதல்ல. 1664-ல் ராபர்ட் பாயில், ஊதாப்பூச் சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் நூலில் எழுதினார். 1791-ல் லெபிளாங்க் என்னும் பிரெஞ்சு மருத்துவர், உப்பிலிருந்து சலவைச் சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உவர்மண்ணிலுள்ள அதே பொருள்! 1807-ல் ஹம்ப்ரி டேவி காரங்களில் மின்சாரம் செலுத்திப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். டேவி யார்? மரம் செதுக்கும் தொழிலாளியின் மகன்! அவரை இங்கிலாந்து 'சர்' பட்டம் தந்து போற்றியது.

நாம் என்ன செய்தோம்? காரத்தைக் கையாண்டவனை ஊரின் ஓரத்தில் நிறுத்தினோம். செய்தவனுக்கு எழுத்தை மறுத்தோம். எழுத்தறிந்தவனோ செய்கையை இழிவென்றான். கையும் ஏடும் சந்திக்காத நாட்டில் வேதியியல் எப்படி வளரும்? 1936-ல் நிறுவப்பட்ட மேட்டூர் கெமிக்கல்ஸ் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுத்தபோது, அது தொழில் வளர்ச்சி எனப் பெயர் பெற்றது. வெள்ளாவி மட்டும் இழிதொழிலாகவே நின்றது!

அதற்காக, பேரன் வெள்ளாவிக்கே திரும்பட்டும் என்கிறேனா? இல்லை, தோழர்களே! பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குலத்தொழில் என்று 1953-ல் வந்த திட்டத்தைத் தமிழகம் எதிர்த்தது. 1954-ல் அது கைவிடப்பட்டது. தொழில் பிறப்போடு ஒட்டியதல்ல. ஆனால் தொழிலில் விளைந்த அறிவு, பாடநூலில் இடம்பெற வேண்டிய வரலாறு.

மறுநாள் அவனே உவர்மண் கொண்டுவந்தான். கரைத்து வடித்தான், மஞ்சள் தடவிய தாளை நனைத்தான். தாள் சிவந்தது! எலுமிச்சைச் சாறு விட்டான்; நுரை பொங்கியது, மஞ்சள் மீண்டது. ஏன் என்று வகுப்பு கேட்டது. இம்முறை உரக்கவே விடை சொன்னான்; உவர்மண்ணை அறிந்தது எப்படி என்பதையும் சேர்த்தே சொன்னான்.