இரண்டு துருக்களும் ஒரு கொக்கோத் தோடும்

மாத்தளையின் வரலாற்றை ஒரு துருவிலிருந்து தொடங்கலாம். 1869இல் இலங்கைக் கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் பொடி படர்ந்தது. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சையின் வேலை. பேரே இலைத்துருதான். மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம்ம ஆட்கள் வளர்த்த பயிர், கொஞ்ச வருசத்தில் படுத்துவிட்டது. துரைமார் தேயிலை, கொக்கோ என்று பயிரை மாற்றினார்கள். தொழிலாளிக்கு மாற்ற எதுவும் இருக்கவில்லை.

இரண்டாவது துரு இரும்பில். சீகிரியாவுக்குப் பக்கத்தில் 2000 வருசத்துக்கு முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். ஆக, இரும்பு இங்கே புதுசில்லை. ஆனால் 1880இல் ரயில் வந்த பிறகு தண்டவாளம், தொழிற்சாலை இயந்திரம், தண்ணீர்க் குழாய், லயத்துத் தகரம் என்று ஊரெல்லாம் இரும்பாச்சு.

காற்றும் ஈரமும் சேர்ந்தால் துரு என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் காற்றே புகாத ஈரக் களிமண்ணில் புதைத்த குழாய் ஏன் அரிக்குது? 1934இல் நெதர்லாந்தில் வொன் வொல்சோகன் கூர், வான் டெர் வ்ளூக்ட் என்ற இருவர் விடை சொன்னார்கள். ஒட்சிசன் இல்லாமலே வாழும் பக்டீரியாக்கள் சல்பேற்றை சல்பைட்டாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதிலிருந்துதான். இரும்பும் கறுத்துக் குழி விழுது.

இதைத் தடுக்கத் தொழிற்சாலைகள் குளோரினையும் குரோமேற்றையும் நம்பின. குரோமேற்று நஞ்சு, கழிவு நீரோடு கீழே இறங்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் செடிகளின் பக்கம் திரும்பினார்கள். வாழைப்பூ நறுக்கிய கத்தி கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். துவர்ப்புக்குக் காரணமான தனின் இரும்போடு பிணைகிறது. இந்த வகைப் பொருட்கள் உலோகத்தில் மெல்லிய படலமாக ஒட்டலாம். சில, நுண்ணுயிரையும் அடக்கும். காரைக்குடியில் 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமானத்தையே ஒரு துறையாக வளர்த்தது. 2017இல் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உருக்கை அரிக்கும் பக்டீரியாவை இஞ்சிச் சாறு கட்டுப்படுத்துவதாக எழுதினார்கள்.

இப்ப மாத்தளையைப் பாருங்க. கொக்கோக் காயை உடைத்து விதையை எடுத்ததும் தோடு தோட்டத்திலேயே அழுகுது. அதிலும் தனின் வகைப் பொருட்கள் உண்டு. கறுவா இலையிலும் கராம்பிலும் கிருமியை அடக்கும் யூஜினோல் இருக்கு. ஆனால் சாறு பிழிந்து ஊற்றினால் வேலை முடியாது. பருவத்துக்குப் பருவம் அதன் வீரியம் மாறும். அளவு பிசகினால் அதே சாறு நுண்ணுயிருக்குத் தீனியாகவும் போகலாம். ஆய்வுகூடத்துக் குவளை வேறு, மண்ணுக்குள் கிடக்கும் குழாய் வேறு.

ஆனாலும் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி இரசாயனத்தோடு முடியவில்லை. முதல் துரு வந்தபோது நட்டம் யார் தலையில் விழுந்தது என்று வரலாறு காட்டுது. நாளைக்கு அந்தத் தோட்டுக்கு விலை வந்தால், அதைப் பொறுக்கிச் சேர்க்கிற கைக்கு எவ்வளவு போகும்? அது காப்பாற்றும் முதல் குழாய் லயத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயா இருக்குமா?