கரிநாள் வான்கோழி மிஞ்சிப்போச்சா? நாலு நாளைக்கு நாலு ருசி!

காணும் பொங்கலுக்கு வான்கோழி அறுத்த வீடுகளில் மறுநாள் காலை எழுந்ததும் வரும் கேள்வி ஒன்றுதான்: "இன்னும் இவ்ளோ கறி இருக்கே, என்ன பண்றது?"

நாட்டுக்கோழி என்றால் இந்தக் கேள்வியே கிடையாது. ஒன்றரைக் கிலோ கோழி, நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரே வேளையில் காலி. வான்கோழி அப்படியில்லை. வளர்ந்த சேவல் 7 கிலோவைத் தாண்டும். பெட்டையே 4, 5 கிலோ வரும். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் கொல்லையில் நாட்டுக்கோழியோடு சேர்த்து வான்கோழியும் வளர்ப்பவர்கள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு விற்றது போக ஒன்றிரண்டை கரிநாளுக்கு என்று விட்டுவைப்பார்கள். விருந்தாளிகள் வந்து சாப்பிட்டுப் போன பிறகும் குண்டானில் பாதி நிற்கும்.

இது நம்ம ஊர் பிரச்னை மட்டுமல்ல. வான்கோழியின் சொந்த நாடான அமெரிக்காவிலேயே, 'ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய பறவை எதற்கு?' என்ற பேச்சு வந்தது. 1930-களில் அந்நாட்டு வேளாண் துறை, மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில்லில் உள்ள ஆராய்ச்சிப் பண்ணையில் வீட்டுக்கு அளவான சின்ன வான்கோழியை உருவாக்கும் வேலையைத் தொடங்கியது. அப்படி வந்ததுதான் 'பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை' இனம். அதையும் நம்ம ஊர் கறுப்பு வான்கோழியையும் கலந்து, சென்னை நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியதுதான் 'நந்தனம் வான்கோழி-1'.

சரி, மிஞ்சின கறிக்கு வருவோம். அதில் ருசியாகச் செய்ய எவ்வளவோ இருக்கிறது. ஆனால் சமையலுக்கு முன்னால் ஒரு விஷயம்: மிச்சக் கறி விருந்தாவதும் வயிற்றுப்போக்காவதும் சாப்பிட்டு முடித்த முதல் 2 மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

முதல் 2 மணி நேரம்

சமைத்த கறி 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போதுதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பெரிய குண்டானில் உள்ள குழம்பு மேலே ஆறினாலும் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். 'ஆறட்டும், காலையில எடுத்து வைக்கலாம்' என்று ராத்திரி முழுக்க அடுப்படியில் விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தப்பு.

இப்படிச் செய்யுங்கள்:

* கறியையும் குழம்பையும் அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். அந்தப் பாத்திரங்களைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்தால் சீக்கிரம் ஆறும்.
* 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். கத்திரி வெயில் நாளாக இருந்தால் 1 மணி நேரம்தான் கணக்கு.
* ஃப்ரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் முதல் நாளே ஃப்ரீசரில் போடுங்கள். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று பிரித்துப் போட்டால், வேண்டியதை மட்டும் எடுக்கலாம்.
* கரன்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.
* சாப்பிடப் போகும் அளவை மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள். மொத்தப் பாத்திரத்தையும் தினமும் சூடாக்கித் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

"எங்க பாட்டி காலத்துல காலையிலயும் சாயங்காலமும் கொதிக்க வெச்சே ஒரு வாரம் ஓட்டுவாங்க" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும் என்பது உண்மைதான். ஆனால் சில கிருமிகளின் வித்துகள் கொதியைத் தாங்கிப் பிழைத்துக்கொள்ளும். சில கிருமிகள் கறியில் விட்டுப்போன நஞ்சு, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் முறியாது. வாடை, நிறம் எதுவும் மாறாமலேயே இது நடக்கும் என்பதால் மோந்து பார்த்து முடிவு செய்யவும் முடியாது.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையா? அப்படியானால் மிச்சம் வைக்காமல் இருப்பதுதான் வழி. ஆட்டுக்கறிக்குக் கூறு போடுவது போல, வான்கோழியையும் அறுத்தவுடனே பச்சைக்கறியாகப் பங்காளி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கூறு போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

நெஞ்சுக்கறி வேறு, தொடைக்கறி வேறு

100 கிராம் வான்கோழிக் கறியில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது, கொழுப்பு குறைவு. அதனால்தான் நெஞ்சுக்கறியைத் திரும்பச் சூடாக்கினால் நார் நாராக வறண்டுபோகும். தொடைக்கறி தாங்கும். இன்னொன்று, மறுநாள் வான்கோழியில் ஒரு பழைய வாடை வரும். கறியில் உள்ள கொழுப்பு காற்றுப் பட்டு மாறுவதால் வருவது அது. கோழியைவிட வான்கோழியில் இது கொஞ்சம் அதிகம்.

ஆகவே எடுத்து வைக்கும்போதே மூன்றாகப் பிரியுங்கள். தொடைத் துண்டுகள் குழம்பில் முழுகியபடி இருக்கட்டும். நெஞ்சுக்கறியைக் கையால் உதிர்த்துத் தனி டப்பாவில் மூடி வையுங்கள். எலும்பெல்லாம் ஒரு பாத்திரத்தில். உதிர்க்கும் வேலையை வீட்டு ஆண்களிடமும் பிள்ளைகளிடமும் கொடுத்துவிடலாம். பொங்கல் நாலு நாளும் அடுப்படியில் நின்றவருக்கு அந்த அரை மணி நேரமாவது ஓய்வு கிடைக்கும்.

1. எலும்பு ரசம்

எலும்புகளை ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள்தூள் சேர்த்து குக்கரில் 5, 6 விசில் விட்டு வடிகட்டுங்கள். 2 டீஸ்பூன் மிளகு, 1 டீஸ்பூன் சீரகம், 8 பல் பூண்டு ஆகியவற்றை அம்மியில் நசுக்குங்கள். 2 தக்காளியை வதக்கி, நசுக்கியதைப் போட்டு, வடிகட்டிய சாற்றை ஊற்றி ஒரு கொதி விடுங்கள். புளி வேண்டாம். தை மாதப் பனிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

வெந்த எலும்பை நாய்க்குப் போடாதீர்கள். அது கூர்கூராக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழித்துவிடும்.

2. மொச்சை, கத்தரிக்காய் கறிக்குழம்பு

பொங்கல் சமயத்தில் பச்சை மொச்சைக்குப் பஞ்சமில்லை. 2 கைப்பிடி மொச்சையை வேகவையுங்கள். வெங்காயம், தக்காளி, 4 கத்தரிக்காய் வதக்கி, மிளகாய்த்தூள், தனியாத்தூள், கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். காய் வெந்ததும் மொச்சையையும் தொடைக் கறியையும் அதன் குழம்போடு ஊற்றி, மறுபடி நன்றாகக் கொதித்ததும் இறக்குங்கள். கேழ்வரகுக் களிக்கு நடுவில் குழி பறித்து ஊற்றிச் சாப்பிட்டால், கரிநாளன்று சாப்பிட்டதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்பார்கள்.

3. கோலா உருண்டை

உதிர்த்த நெஞ்சுக்கறி கால் கிலோ, தேங்காய்த் துருவல் 2 டேபிள்ஸ்பூன், சோம்பு, பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் மிக்ஸியில் தண்ணீர் விடாமல் இரண்டு சுற்று சுற்றுங்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், 3 டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு, உப்பு சேர்த்து உருட்டி எண்ணெயில் பொரியுங்கள். உருண்டை பிரிந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் மாவு. வறண்ட கறி என்பதே தெரியாது.

4. முருங்கைக்கீரை கறி அடை

2 கப் கேழ்வரகு மாவு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, வெங்காயம், பச்சை மிளகாய், முக்கால் கப் உதிர்த்த கறி, உப்பு. வெந்நீர் தெளித்துப் பிசைந்து, வாழை இலையில் தட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டுச் சுடுங்கள். மெல்லிசாகத் தட்டினால்தான் உள்ளே வரை சூடேறும்.

5. கொத்து இட்லி

மிஞ்சின இட்லிக்கும் சேர்த்து இதில் வேலை முடியும். வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து 2 முட்டை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். உதிர்த்த கறி, ஒரு கரண்டி குழம்பு சேர்த்து ஆவி பறக்கச் சூடாக்கி, உதிர்த்த இட்லியைப் போட்டு மிளகுத்தூள் தூவிப் புரட்டுங்கள்.

6. சுண்டக்கறி

எல்லாம் போக அடியில் நிற்கும் குழம்புக்கு இது. வாணலியில் நல்லெண்ணெய் விட்டு, பூண்டு, கறிவேப்பிலை தாளித்து, குழம்பைக் கறியோடு ஊற்றி, சின்னத் தீயில் எண்ணெய் பிரியும்வரை சுண்டவிடுங்கள். பழையசோற்றுக்கு ஒரு ஸ்பூன் போதும். சுண்டவைத்துவிட்டோமே என்று வெளியில் வைக்காதீர்கள். அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

எந்த நாளுக்கு எது?

கரிநாள் மதியம் சாப்பாடு முடிந்ததும் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. முதல் நாள் எலும்பு ரசமும் களிக்குக் குழம்பும். இரண்டாம் நாள் கோலா உருண்டை. மூன்றாம் நாள் காலை கொத்து இட்லி, ராத்திரி கறி அடை. நான்காம் நாள் சுண்டக்கறியோடு கணக்கு முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளின் மதிய டப்பாவில் மட்டும் இந்தக் கறியை வைத்து அனுப்பாதீர்கள். காலை 8 மணிக்கு மூடும் டப்பா, திறக்கும்வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

ஐந்தாம் நாளும் ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணம் மிஞ்சியிருந்தால், மனசு கேட்காதுதான். ஆனாலும் அதை நாய், கோழி கிளறாத ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாழைக்கன்று இருந்தால் அதற்கு உரமாகட்டும்.