கம்பியில்லா வளாகம்: பிட்ஸ்பர்க் முதல் தேனி வரை

வீடு மாறினால் ரேஷன் கார்டும் மாற வேண்டியிருந்தது. தாராவியில் பெயரை வெட்டி, அம்பர்நாத்தில் பெயரைச் சேர்த்து, நடுவில் மூணு மாசம் சர்க்கரை இல்லாமல் ஓட்டிய குடும்பங்கள் நம்மில் எத்தனையோ உண்டு. கணினி வலையும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. இணையத்தில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் தரப்படுகிறது. அந்த எண் ஆளைச் சேர்ந்ததல்ல, தெருவைச் சேர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போனால் பழைய எண் செல்லாது; பாதியில் இருந்த வேலை அறுந்துபோகும்.

கம்பியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அம்பர்நாத் தொழிற்பேட்டையில் பல வருஷம் கேபிள் இழுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கம்பியை எடுப்பது சுலபமான பாதிதான். நடமாடும் ஆளை வலை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் மற்றப் பாதி.

சுலபமான பாதியை முதலில் செய்து காட்டியது ஹவாய்ப் பல்கலைக்கழகம். நார்மன் ஆப்ரம்சன் தலைமையில் 1971 ஜூனில் அலோஹாநெட் இயங்கத் தொடங்கியது. கடலுக்கு நடுவே தீவுகளில் கிடந்த முனையங்கள், ஓவாஹு தீவின் மையக் கணினியோடு வானொலி அலையில் பேசின. அதன் விதி நம்ம கல்யாண வீட்டுப் பேச்சு மாதிரிதான். சொல்ல வேண்டியதைச் சொல். பதில் வரவில்லையென்றால் யாரோ குறுக்கே பேசிவிட்டார்கள் என்று பொருள். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொல். இருவரும் ஒரே நேரம் பொறுத்தால் மறுபடி மோதுவார்கள் அல்லவா? அதனால் பொறுக்கும் நேரம் குலுக்கல் போல ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இந்த முனையங்கள் வைத்த இடத்திலேயே இருந்தவை, நடமாடியவை அல்ல.

1985-இல் அமெரிக்க அரசு சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸும் அதில் ஒன்று. மற்றவர்கள் சீந்தாத புறம்போக்கு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலத்தில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் வீடு கட்டியது. அலாஸ்காவின் தொலைதூரக் கிராமங்களில் வானொலி, தொலைபேசிப் பணி செய்துவிட்டு வந்த அலெக்ஸ் ஹில்ஸ் என்பவர் 1993-இல் அங்கே 'வயர்லெஸ் ஆண்ட்ரூ' என்ற வலையைத் தொடங்கினார். 1997-இல்தான் 802.11 என்ற பொதுத் தரம் வந்தது. வை-ஃபை என்ற பெயர் வந்தது 1999-இல். அதே 1999 வாக்கில் கார்னகி மெலனில் வளாகம் முழுக்க வலை பரந்தது.

கட்டிய விதம் என் போன்றவர்களுக்குச் சுவையானது. கூரையில் பொருத்தும் ஆக்சஸ் பாயிண்டுகளைத் தள்ளி வைத்தால் நடுவில் ஓட்டை விழும். நெருக்கி வைத்தால் ஒன்றை ஒன்று இரைச்சலால் அழிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு ஒரே தடம் வரக்கூடாது. அலை தளத்தைத் துளைத்து மேலே கீழேயும் போவதால் மாடிக்கும் அதே கணக்கு. செங்கல் சுவர் எவ்வளவு விழுங்கும் என்பது வரைபடத்தில் தெரியாது. கையில் மடிக்கணினியோடு நடந்து நடந்து அளக்க வேண்டும். கூரையில் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் சுவருக்குள் ஒரு கேபிள் போகிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். எங்கள் பிழைப்பு போய்விடவில்லை!

முகவரிச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி நேரடியானது. எல்லா ஆக்சஸ் பாயிண்டுகளையும் தனிக் கம்பிவடத்தில் கோத்து, வளாகம் முழுவதையும் ஒரே தெருவாக்கிவிட்டார்கள். நூலகத்திலிருந்து வகுப்புக்கு நடந்தாலும் எண் மாறாது. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' நமக்கு 2019-இல்தான் வந்தது.

இந்தியாவில் தடையாக நின்றது சட்டம். 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டப்படி, அலை வாங்கும் கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டியிருந்தது. ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ், குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு லைசென்ஸிலிருந்து விடுபட்டது. மும்பை சென்ட்ரலில் 2016 ஜனவரியில் இலவச வை-ஃபை வந்தது அந்த விடுதலையால்தான்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வளாகச் சுவரைத் தாண்டிய கதை. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2000-களின் நடுவில் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் மையங்களை அதே மலிவான வை-ஃபை கருவிகளால் இணைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த லட்சுமிநாராயணன் சுப்பிரமணியனும் அக்குழுவில் ஒருவர். பார்வை மங்கிய பாட்டி பஸ் ஏற வேண்டாம்; ஊரில் உட்கார்ந்தபடியே தேனி டாக்டரிடம் கண்ணைக் காட்டலாம். பிட்ஸ்பர்க் வலை நடமாடுகிறவர்களுக்கு. இது நடமாட முடியாதவர்களுக்கு.

வை-ஃபை ஓர் அறைக்கென்று பிறந்தது. பேசிய மறு நொடியே பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும். 15 கிலோமீட்டரை அலை கடக்க 50 மைக்ரோ நொடி, பதில் திரும்ப இன்னொரு 50. அதற்குள் கருவி பொறுமை இழந்து, சொன்னதையே திரும்பச் சொல்லத் தொடங்கிவிடும். ஆகவே கல்யாண வீட்டு விதியைக் கைவிட்டு, 'இந்நேரம் நீ, அடுத்த நேரம் நான்' என்று முறை வைத்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005-இல் வகுத்துக் காட்டிய வழி அது; இருவரும் பின்னர் நம் பவாய் ஐ.ஐ.டி.க்கே வந்து சேர்ந்தார்கள்.

அலைக்கு வழி கிடைத்த பிறகு தொல்லை கொடுத்தது மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் பெட்டிகள் எரிந்தன. தாழ்ந்த வோல்டேஜில் பாதி உயிரோடு உறைந்து நின்றன. கோபுரத்தில் ஏறி இறக்குவதற்கு ஆள் தேட வேண்டும். வோல்டேஜ் தாழ்ந்தால் தானே துண்டித்துக்கொண்டு, ஏறியதும் தானே எழும் சிறு கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். கண் மையத்தில் இருந்தவர்கள் அதற்குப் பிறகுதான் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதைக் குறைத்திருப்பார்கள்.