பல் அடைப்பில் பாதரசம்: ஒரு விவாதத்தின் வரலாறு

சொத்தைப் பல்லை அடைக்கப் பயன்படும் வெள்ளி நிற இரசக்கலவையின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமாகும். எஞ்சியவை பெரும்பாலும் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இக்கலவை உடல்நலத்தைக் கெடுக்குமா என்னும் வினா அமெரிக்காவில் அது அறிமுகமான காலத்திலேயே எழுந்தது. 1833இல் கிராக்கூர் சகோதரர்கள் அதனை நியூயார்க்கிற்குக் கொண்டுவந்தனர். 1840இல் தோன்றிய அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் சங்கம், அதனைப் பயன்படுத்துவதில்லை என உறுதிமொழி அளிக்குமாறு 1845இல் உறுப்பினர்களைப் பணித்தது. ஆயினும் தங்க அடைப்புக்கு வசதியற்ற நோயாளிகளுக்கு இரசக்கலவையே எட்டும் விலையில் கிடைத்தது. உட்பூசலால் நலிந்த சங்கம் 1856இல் கலைந்தது.

அப்பூசலில் இரு தரப்பாரிடமும் இல்லாதது அளவீடு. ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக், ஆய்வகப் பாதரச ஆவியால் தாம் நோயுற்றதை 1926இல் வெளியிட்டு, பல் அடைப்புக் குறித்தும் எச்சரித்தார். நுண்ணளவுப் பாதரசத்தைக் கண்டறியும் முறைகளையும் வகுத்தார். மெல்லும்போது அடைப்பிலிருந்து ஆவி வெளிப்படுவது பிற்கால அளவீடுகளால் உறுதிப்பட்டது. எனினும், அவ்வளவு பாதரசம் பெரும்பாலோர்க்குத் தீங்கிழைப்பதாக நிறுவப்படவில்லை.

2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இரசக்கலவைப் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்க வகைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம், இன்றியமையா மருத்துவத் தேவை நீங்கலாக, 2025 முதல் அதனைத் தடைசெய்தது. இத்தடைக்குப் பெரிதும் காரணமானது நீரிலும் மண்ணிலும் காற்றிலும் கலக்கும் பாதரச மாசு. எனவே, தடை வந்ததாலேயே 1845ஆம் ஆண்டின் அச்சம் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்வது வரலாற்றுப் பிழையாகும்.